தோலுக்கு அடியில் ஒரு பரு

சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு நாள். எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் கலவை முறையில் தன்வெப்பம் காணும் சோதனையைச் செய்துகொண்டிருந்தனர். எல்லோரும் வெப்பமானியைக் கூர்ந்து நோக்கிக்கொண்டிருக்க, ஒரு மாணவர் மட்டும் ஒரு கையால் கலோரிமானியைக் கலக்கியவாறு மறு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

"பல்வலியா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், பரு" என்றார்.

கையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். சாதாரணப் பருவில் காணும் வெண்ணிற முனை எதுவும் இல்லை. தாடையின் ஓரம் சிறு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. அதன்மேல் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தைய நாள் மாலை அது பட்டாணி அளவுதான் இருந்ததாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவும் இல்லை. ஆனால் விரல் பட்டால் உயிர் போயிற்று. நகங்களுக்கு இடையே பிடித்து அழுத்தியிருக்கிறார். ஒன்றும் வெளியே வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தியிருக்கிறார். பிறகு விடுதி நண்பர் ஒருவரின் யோசனைப்படி சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்துத் தடவிக்கொண்டு படுத்துவிட்டார். விடிந்தபோது தாடை இப்படி இருந்தது. மூன்று நாளில் அவருடைய அக்காவின் திருமணம்.

முதலில் அந்தச் சுண்ணாம்பைத் துடைத்தெடுத்து, குழாய் நீரில் நெடுநேரம் கழுவச் செய்து, மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் போன பிறகுதான் ஒன்று தோன்றியது. முந்தைய நாள் மாலை அவருக்கு வேண்டியிருந்த பொருள்கள், அதாவது வெந்நீர், குளிர்நீர், இரண்டையும் கலக்க ஒரு பாத்திரம் ஆகியவை, இதோ அவருடைய மேசைமீதே இருக்கின்றன!

நான் மருத்துவன் அல்லன்; இயற்பியல் ஆசிரியன். ஆனால் இந்தப் பருவின் கதையில் பாதி அழுத்தத்தின் கதை, மீதியில் பெரும்பகுதி வெப்பத்தின் கதை. ஆகையால் இதைப் பற்றி எழுத எனக்கும் ஓரளவு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன்.

பரு பிறக்கும் இடம்

நம் உடலில் உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக ஏறத்தாழ எல்லா இடங்களிலும் மயிர்க்கால்கள் உள்ளன. மயிர் முளைக்கும் இந்தக் குழி ஒரு குறுகிய கிணறு போன்றது. அதன் பக்கச் சுவரில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி திறக்கிறது. சுரப்பியிலிருந்து ஊறும் எண்ணெய் கிணற்றின் வழியே மேலேறித் தோலின்மீது மெல்லிய படலமாகப் பரவும். முகத்தில் ஒரு சதுர செண்டிமீட்டருக்குள் பல நூறு சுரப்பிகள் இருக்கின்றன. அதிலும் நெற்றி, மூக்கு, மோவாய்ப் பகுதிகளில் அவை பெரியவை. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஆண் இயக்குநீர்கள் பெருகும்போது சுரப்பிகள் பருத்து, எண்ணெய்யை மிகுதியாகச் சுரக்கின்றன. (ஆண் இயக்குநீர் என்பது பெயர்தான், பெண்களின் உடலிலும் அது சிறிதளவு உண்டு.)

இந்தக் கிணற்றின் உட்சுவரிலிருந்து இறந்த உயிரணுக்கள் ஓயாமல் உதிர்கின்றன. இயல்பாக அவை எண்ணெய்யோடு வெளியேறிவிடும். சிலருக்கு, சில காலங்களில், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கும் தக்கையாக மாறுகின்றன. தக்கை பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதம். நம் மயிரும் நகமும் இதே பொருளால் ஆனவையே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தடத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

வாய் அடைபட்டாலும் சுரப்பி நிற்பதில்லை. எண்ணெய் உள்ளேயே தேங்குகிறது. காற்றுப் புகாத, கொழுப்பு நிறைந்த அந்தக் குழி ஒரு வகைப் பாக்டீரியாவுக்கு விருந்து மண்டபம். புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இதற்கு 2016-இல் கியூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர் மாற்றினார்கள். பரு இல்லாதவர் தோலிலும் இது சாதுவாக வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. அடைபட்ட குழியில் மட்டும் பெருகி, எண்ணெய்யைச் சிதைத்து, எரிச்சலூட்டும் கொழுப்பு அமிலங்களை வெளியிடுகிறது. உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் அங்கே விரைகின்றன. போர் தொடங்குகிறது.

போர் கிணற்றின் வாய்க்கு அருகில் நடந்தால் நமக்குத் தெரிந்த சாதாரணப் பரு உண்டாகும். நுனியில் சீழ் வெள்ளையாகத் தெரியும். ஓரிரு நாளில் உடைந்து ஆறிவிடும். ஆனால் சில வேளைகளில் கிணற்றின் அடிச்சுவர் விட்டுப்போகிறது. உள்ளிருந்த எண்ணெய், கெரட்டின், பாக்டீரியா எல்லாம் சுற்றியுள்ள அடித்தோலில் கசிகின்றன. கெரட்டின் நம் சொந்தப் பொருளே எனினும், அடித்தோலுக்கு அது அந்நியப் பொருள். முள் குத்திக்கொண்டதைப் போலவே உடல் அதை எதிர்க்கிறது. இதுவே மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே முடிச்சாகக் கிடந்து வலிக்கும் பரு.

ஏன் இவ்வளவு வலி?

அழற்சிக்கு நான்கு அடையாளங்களைக் கூறியவர் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியர் செல்சஸ். சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என்பன அவை. (1742-இல் வெப்பநிலை அளவுகோலை அமைத்த சுவீடன் நாட்டுச் செல்சியஸ் வேறு, மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பரு உள்ள இடம் சுடுவதைக் கண்டு நம் வீடுகளில் "உடம்பு சூடு" என்பார்கள். வெப்பமானியை வாயில் வைத்துப் பார்த்தால் உடம்பு வழக்கமான 37 டிகிரியில்தான் இருக்கும். அந்த ஓரிடத்துக்கு மட்டும் குருதி மிகுதியாகப் பாய்கிறது. முகத்தோல் உடலின் உட்பகுதியைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ச்சியானது ஆதலால், உள்ளிருந்து வரும் குருதி அதைச் சூடாக்குகிறது. அவ்வளவுதான்.

அடித்தோல் கொலாஜென் இழைகளால் நெருக்கமாகப் பின்னப்பட்டது. எளிதில் விரிந்து கொடுக்காது. வீக்கத்தினால் அங்கே சேரும் நீர்மம் போக இடமின்றி நரம்பு முனைகளை நெருக்குகிறது. போதாக்குறைக்கு, அழற்சியில் வெளிப்படும் வேதிப்பொருள்கள் அந்த நரம்பு முனைகளை மேலும் கூர்மையாக்கிவிடுகின்றன. சாதாரணமாகத் தொட்டாலே அடி விழுந்தது போல் இருப்பது இதனால்தான். மூக்கு நுனியிலும் காதுமடலிலும் தோல் குருத்தெலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் அங்கே வரும் பரு கண்ணில் நீரை வரவழைத்துவிடும். கன்னத்தில் தோலுக்கடியில் கொழுப்பு உண்டு. வலி சற்றுக் குறைவு.

நகத்துக்கும் பாஸ்கலுக்கும் நடக்கும் வழக்கு

இப்போது அழுத்துவதைப் பற்றிப் பார்ப்போம். அடைபட்ட நீர்மத்தின்மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. பள்ளியில் படித்து மறந்துவிடுகிறோம். சீழும் எண்ணெய்யும் நிறைந்த பருவும் ஏறத்தாழ ஓர் அடைபட்ட நீர்மமே. அதைப் பிதுக்கும்போது அழுத்தம் மேலே மட்டும் போவதில்லை. கீழும், பக்கவாட்டிலும் அதே அளவு தாக்குகிறது. எந்தச் சுவர் வலுவில்லாததோ அதுவே உடையும்.

மேலோட்டமான பருவில் வலுவற்ற சுவர் கூரை. காகிதம் போன்ற மேல்தோல்தான் அங்கே தடை. ஆகவே அது வெளியே உடைகிறது. ஆழத்தில் உள்ள பருவுக்கோ கூரையாக இருப்பது அடித்தோல். ஒரு மில்லிமீட்டர், அதற்கும் மேற்பட்ட தடிப்புள்ள கெட்டித் தோல். செருப்புக்கும் பைக்கும் விலங்குகளின் இந்த அடித்தோலைத்தான் பதனிடுகிறார்கள். அதன் வலிமையை அதிலிருந்தே ஊகிக்கலாம். கீழே இருப்பது சில உயிரணுக்கள் மட்டுமே அடுக்கப்பட்ட, ஏற்கெனவே விரிசல் கண்ட சுவர். எது முதலில் உடையும்? மூடியைத் திறக்காமல் பற்பசைக் குழாயை மிதித்தால் பின்பக்க மடிப்புப் பிளந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். இரு விரல் நுனிகளால் ஒரு கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைக் கொடுப்பது எளிது. அது அரைச் சதுர செண்டிமீட்டர் பரப்பில் விழுந்தால், சதுர செண்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் எடை. அதாவது ஏறத்தாழ இரண்டு வளிமண்டல அழுத்தம். நம் இதயம் குருதியைத் தள்ளும் அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம். வளிமண்டல அழுத்தம் 760 மில்லிமீட்டர். எனவே விரல்களால் நாம் கொடுக்கும் அழுத்தம் குருதியழுத்தத்தைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல். நகத்தின் விளிம்பைப் பயன்படுத்தினால் பரப்பு இன்னும் சுருங்கி, அழுத்தம் எங்கேயோ போய்விடும். பட்டாணி ஒரே இரவில் நெல்லிக்காய் ஆனதில் வியப்பில்லை. உள்ளே ஒரு குழியில் இருந்த சண்டையை அவர் தம் கையாலேயே பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் பரப்பிவிட்டார்.

சண்டை நடந்த இடத்தில் கொலாஜென் அழிகிறது. பழுதுபார்ப்பு முழுமையாக நடக்காவிட்டால் அங்கே குழி விழுகிறது. அடித்தோல்வரை சென்ற காயத்துக்குத் தழும்பு உண்டு என்பது பொது விதி. என் இடக் கன்னத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. பதினேழு வயதில், குண்டூசியைத் தீக்குச்சியில் காட்டிவிட்டுக் குத்திக்கொண்டது. கிருமி நீக்கம் என்று அப்போது பெருமையாக நினைத்தேன். ஊசி போன பாதையில் வெளியே கிடந்த கிருமிகளும் உள்ளே போகும் என்று சொல்ல ஆளில்லை.

மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் இன்னொரு அபாயமும் உண்டு. அங்குள்ள சிரைகள் கண்குழிச் சிரைகளோடு தொடர்பு கொண்டு, மூளையின் அடியில் உள்ள ஒரு குருதிக் குடாவரை செல்கின்றன. கடுமையான தொற்று அந்த வழியே உள்ளே போக இடமிருக்கிறது. மிக அரிதாகத்தான் நேர்கிறது. நேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. புகழ்பெற்ற ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்கிரியாபின் 1915-இல் மாஸ்கோவில் மேலுதட்டில் வந்த ஒரு கட்டியினால் குருதி நச்சாகி, 43-ஆம் வயதில் இறந்தார். பெனிசிலின் மக்களுக்குக் கிடைத்தது 1940-களில்தான். இன்று நல்ல மருந்துகள் உள்ளன. ஆயினும் மூக்கின் ஓரத்தில் நகத்தைக் கொண்டுபோகும்போது இதை எண்ணிக்கொள்வது நல்லது.

முதலில் குளிர், பிறகு வெப்பம்

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? முடிச்சு தோன்றிய முதல் ஒன்றிரண்டு நாள்களில், சிவந்து விண்விண்ணென்று தெறிக்கும்போது, குளிர் நன்மை செய்யும். குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன, வீக்கம் மட்டுப்படுகிறது, வலியைச் சுமந்து செல்லும் நரம்புத் துடிப்புகளின் வேகமும் குறைகிறது. முகத்தை மென்மையான சோப்பால் கழுவிவிட்டு, பனிக்கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்கலாம். பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை. பனிக்கட்டியை நேரே தோலில் அழுத்தி வைக்கக் கூடாது. தோல் உறைந்து புண்ணாகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணிகூடச் சற்று இதம் தரும்.

அதன் பின்னரும் முடிச்சு கரையாமல், மெல்ல மேலே எழும்பி வருவதாகத் தெரிந்தால் வெந்நீர் ஒத்தடம். இது நம் பாட்டிமார் அறிந்த வைத்தியம்தான். ஆனால் இது எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்தை நான் ஏற்பதில்லை. "சூட்டில் உள்ளிருக்கும் அடைப்பு உருகிவிடும்" என்பார்கள். அடைப்பு கெரட்டின் என்று பார்த்தோம். வெந்நீரில் தலைகுளித்தால் மயிர் உருகுகிறதா? எண்ணெய்யும் தோலின் வெப்பநிலையிலேயே பெரும்பாலும் இளகித்தான் இருக்கிறது. மார்கழிக் காலையில் உறைந்த தேங்காயெண்ணெய் போன்ற நிலையில் இல்லை. இன்னும் ஆறேழு டிகிரி சூடாக்கினால் சற்று எளிதாக ஓடும், அதற்குமேல் ஒன்றுமில்லை. கிருமியும் சாவதில்லை. கிருமியைக் கொல்லும் சூட்டில் தோல் முன்னதாகவே வெந்துவிடும்.

உண்மையான பயன் குருதியோட்டத்தில் இருக்கிறது. வெப்பத்தில் குருதிக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளணுக்கள் மிகுதியாக வந்து சேர்கின்றன. சிதைந்த பொருள்கள் விரைவாக அகற்றப்படுகின்றன. தோல் நெகிழ்கிறது, இறுக்கமும் அதனால் வந்த வலியும் தணிகின்றன. சீழ் மேலே வர வழி இருந்தால் வந்து தானாக வடியும். வழி இல்லாவிட்டால் உடல் அதை உள்ளேயே கரைத்துவிடும். வடிந்தால் சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கலாம். அப்போதும் பிதுக்கக் கூடாது.

எவ்வளவு சூடு? 40 டிகிரி செல்சியஸ் நல்ல அளவு. 42 டிகிரிக்கு மேல் வேண்டாம். இதில் அலட்சியம் கூடாது என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்லலாம். அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் தோல் வெந்து போகிறது என்று அளந்து 1947-இல் வெளியிட்டனர். 44 டிகிரியில் சுமார் 6 மணி நேரம் பிடிக்கிறது. 49 டிகிரியில் 10 நிமிடத்துக்குள். 60 டிகிரியிலோ 5 விநாடி போதும். சில டிகிரி ஏறுவதற்குள் மணிகள் நிமிடங்களாகி, நிமிடங்கள் விநாடிகளாகிவிடுவதைக் கவனியுங்கள். "பொறுக்கிற சூடு" என்று கையால் பார்ப்பதும் நம்பத்தக்கதன்று. அடுப்படியில் பழகிய கை எவ்வளவோ தாங்கும், கன்னம் தாங்காது. மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டும் நீரைப் பார்ப்பது போல.

அதைவிட எளியது கலவை முறை. ஒரு தம்ளர் கொதிநீரோடு ஐந்து தம்ளர் குழாய் நீரைக் கலக்குங்கள். கொதிநீர் 100 டிகிரி. குழாய் நீர் 28 டிகிரி. 100-உடன் ஐந்து 28-ஐக் கூட்டினால் 240. ஆறால் வகுத்தால் 40. பாத்திரமும் சிறிது வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அது நம் பாதுகாப்புக்கு என்று வைத்துக்கொள்வோம்.

எவ்வளவு நேரம்? தோலுக்குள் வெப்பம் கடத்தலினால் பரவும்போது, தொலைவு இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அரை நிமிடமோ சற்றுக் கூடுதலோ ஆகலாம். ஐந்து மில்லிமீட்டருக்கு நான்கு நிமிடம். இதற்கிடையே ஓடும் குருதி வெப்பத்தை வாரிக்கொண்டு போய்க்கொண்டேயிருக்கிறது. ஆகவே பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை என்று மருத்துவர்கள் சொல்வது கணக்கோடும் ஒத்துப்போகிறது. ஒரு மணி நேரம் வைப்பதால் கூடுதல் பயன் இல்லை.

ஒரு முக்கியமான தவறு இங்கே நடக்கிறது. நனைத்த துணியை ஒரு முறை வைத்துவிட்டு அப்படியே பதினைந்து நிமிடம் படுத்துவிடுகிறோம். ஈரத் துணியிலிருந்து நீர் ஆவியாகிறது. துணியில் 50 கிராம் நீர் இருந்து, அதில் 1 கிராம் மட்டும் ஆவியானால்கூட ஏறத்தாழ 575 கலோரி வெப்பம் போய்விடுகிறது. மீதி நீரின் வெப்பநிலை பதினொரு டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தால் கேட்க வேண்டியதில்லை. வெந்நீர் ஒத்தடம் தண்ணீர்ப் பற்றாக மாறிவிடுகிறது! இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் திரும்ப நனைத்துப் பிழிந்து வைக்க வேண்டும். மேலே ஒரு காய்ந்த துண்டைப் போர்த்தினால் ஆவியாதல் குறையும். ஒவ்வொரு முறையும் துவைத்த துணியையே எடுங்கள்.

வறுத்த உப்பையோ தவிட்டையோ துணியில் முடிந்து ஒற்றுவது முழங்கால் வலிக்குச் சரி. இரும்புச் சட்டியில் வறுத்த உப்பு 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். முகத்துக்கு அது ஆகாது.

தடவுவதில் உள்ள வம்பு

தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5. அந்த அமிலப் படலமும் கிருமிகளுக்கு எதிரான ஒரு காவல். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் பி.எச். 12-க்கும் மேல். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், ஏழு எண் வித்தியாசம் என்பது ஒரு கோடி மடங்கு. சுண்ணாம்பு தோலை இறுக்குவது போல் தோன்றுவது தோல் வெந்து சுருங்குவதால்தான். எலுமிச்சைச் சாறு எதிர்த்திசையில் கெடுதல் செய்கிறது, அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது. அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால், சாற்றில் உள்ள சில பொருள்கள் சூரியனின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கி, பல வாரம் மறையாத கருந்திட்டுகளை விடும். பற்பசையில் தேய்ப்புப் பொடியும் சோப்பு போன்ற நுரைப்பொருளும் உள்ளன, அவை பல்லுக்குத்தான். அதன் குளுகுளுப்பு மருந்தின் அடையாளம் அன்று.

இவற்றைவிடப் பெரிய தீங்கு ஒன்று கடையில் அழகான குழாயில் கிடைக்கிறது. "முகம் வெளுக்க" என்று கைமாறும் களிம்புகள் பலவற்றில் வலிமையான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. தடவியவுடன் சிவப்பு அடங்கும். இரண்டு நாளில் முகம் தெளியும். மகிழ்ந்து போய்த் தொடர்ந்து தடவுவோம். சில வாரங்களில் தோல் மெலிந்து, குருதிக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும். நிறுத்தினால் பருக்கள் முன்பைவிட மூர்க்கமாகக் கிளம்பும். நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தனர். 2018-இல் மைய அரசு இத்தகைய ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, கடையில் கேட்போர் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

பயனுள்ள பூச்சு என்றால் பென்சாயில் பெராக்சைடைச் சொல்லலாம். இது தோலில் சிதைந்து ஆக்சிஜனை வெளியிடுகிறது. காற்றில்லாத இடத்தை விரும்பும் அந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜனே எமன். எதிருயிர் மருந்துகளுக்குப் பழகிப்போவது போல் பாக்டீரியா இதற்குப் பழகுவதில்லை. 2.5 விழுக்காடு போதும். 10 விழுக்காடு வாங்கினால் எரிச்சல்தான் கூடும். கழுவித் துடைத்த முகத்தில் மெல்லியதாகப் பூச வேண்டும். ஆழத்து முடிச்சை இது நேரடியாக எட்டுவது குறைவு. பக்கத்தில் புதியவை கிளம்பாமல் காப்பதே இதன் வேலை. சலவை செய்வது போல் துணியின் சாயத்தை வெளுத்துவிடும் ஆதலால் பழைய தலையணை உறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வைத்தியத்தின் எல்லை

காய்ச்சல் கண்டாலும், சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலும், இமை வீங்கினாலும், பார்வை இரட்டையாகத் தெரிந்தாலும் ஒத்தடம் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும் காத்திருக்கக் கூடாது. ஒரே முடிச்சு இரண்டு வாரம் கடந்தும் கரையாவிட்டாலோ, அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தாலோ, ஒவ்வொன்றும் தழும்பை விட்டுச் சென்றாலோ தோல் மருத்துவரைப் பார்ப்பதே சிக்கனம். பரு என்று நாம் நினைப்பது வேறு பாக்டீரியாவினால் வந்த சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம், மருந்து வேறுபடும்.

அவரிடம் உள்ள கருவிகள் நம்மிடம் இல்லை. முடிச்சினுள் மிகச் சிறிய அளவு ஸ்டீராய்டை ஊசியால் செலுத்தினால் இரண்டு மூன்று நாளில் அமுங்கிவிடும். மேலே சாடிய அதே மருந்துக் குடும்பம்தான். அளவும் இடமும் தெரிந்தவர் கையில் வேறாக வேலை செய்கிறது. அளவு மிஞ்சினால் அங்கும் பள்ளம் விழும். கடுமையான பருக்களுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற விழுங்கும் மருந்து 1982-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்கச் செய்யும் ஆற்றல் வாய்ந்தது. கருவுற்ற பெண் உட்கொண்டால் குழந்தை ஊனமாகப் பிறக்கக்கூடும் என்பதால், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பின்றி ஒரு மாத்திரைகூட விழுங்கக் கூடாது.

எங்கள் மாணவரின் கதைக்கு வருவோம். மருத்துவர் எதிருயிர் மாத்திரைகளைத் தந்து, சுண்ணாம்பு சுட்ட மேல்தோல் ஆறிய பிறகு, நாலைந்து நாள் கழித்து ஒத்தடம் தொடங்கச் சொன்னாராம். ஊருக்குப் புறப்படுமுன் என்னிடம் வந்தார். ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கைச் சொல்லி அனுப்பினேன். திருமணம் முடிந்து பத்து நாள் கழித்துத் திரும்பினார். வீக்கம் வடிந்திருந்தது. மிளகளவு பள்ளம் ஒன்று நின்றுவிட்டது. திருமணப் படங்களில் எல்லாம் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கிறார்.

"உங்கள் கணக்கு எங்கள் ஊரில் பலிக்கவில்லை சார். தண்ணீர் சூடாகவே இல்லை" என்றார்.

"எந்த ஊர்?"

"ஊட்டி."

தவறு என்னுடையது. கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம் குறைவு. நீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். தை மாதக் குழாய் நீர் 15 டிகிரி என்று கொள்வோம். 92-உடன் ஐந்து 15-ஐக் கூட்டி ஆறால் வகுத்தால் வருவது 28 டிகிரி. எங்கள் ஊர்க் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர்! அங்கே ஒன்றுக்கு இரண்டு பங்குதான் கலக்க வேண்டும். கணக்கைப் போட்டு அவரே என்னிடம் காட்டினார். அவர்கள் வீட்டில் அடுத்த பரு தம்பிக்கு வந்திருக்கிறதாம். கையைக் கட்டிப்போடாத குறையாகப் பார்த்துக்கொள்கிறார்களாம்.